இனிப்பே தொடாதவருக்குச் சர்க்கரை நோய் ஏன் வருகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கே வைத்துக்கொள்கிறேன். வயது 43. வேறு காரணத்துக்காகச் செய்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 138 (மி.கி./டெ.லி.), எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு, 7.4 சதவீதம் என்று வந்திருக்கிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, இனிப்பு சாப்பிடும் பழக்கமும் இல்லை. பிறகு ஏன் வந்தது? மாத்திரையைத் தொடங்கினால் ஆயுள் முழுக்க விடவே முடியாதா? இன்சுலின் போடும் நிலை வந்தால் அதுதான் கடைசிக் கட்டமா?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. உங்கள் கணையம் இப்போது எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது, அந்த இன்சுலின் சொல்வதை உடம்பு எவ்வளவு கேட்கிறது என்பதுதான் நீரிழிவின் மொத்தக் கதை. ரத்தத்தில் தெரியும் சர்க்கரை எண் அதன் விளைவு. அந்த எண்ணையே நோய் என்று நினைத்துக்கொள்வதால்தான் இனிப்பை நிறுத்தினால் போதும் என்ற நம்பிக்கையும் இன்சுலின் மேல் பயமும் வருகின்றன.

உங்கள் 138-ஐயே எடுத்துக்கொள்வோம். இரவு சாப்பிட்டபின் பத்து மணி நேரம் ஒன்றும் உட்கொள்ளாமல் காலையில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு கல்லீரலிலிருந்து. மூளைக்கு இடைவிடாமல் குளுக்கோஸ் வேண்டும். அதனால் நாம் சாப்பிடாத நேரங்களில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. போதாததற்கு அமினோ அமிலங்கள், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதிதாகவும் தயாரிக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதையும் சேர்த்தால், அதில் உள்ள குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம்தான். ஒரு வேளை உணவில் அதைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு உள்ளே வரலாம். இருந்தும் அளவு பெரிதாக எகிறாமல் பார்த்துக்கொள்வது இன்சுலின். கல்லீரலிடம் உற்பத்தியை நிறுத்தச் சொல்வதும், தசையிடமும் கொழுப்புத் திசுவிடமும் வந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வதும் அதன் வேலை.

இரண்டாம் வகை நீரிழிவில் இந்த உத்தரவுகள் எடுபடுவதில்லை. கல்லீரல் இரவெல்லாம் தேவைக்கு மேல் குளுக்கோஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. தசை, சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டிய பங்கை எடுப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் சும்மா இருப்பதில்லை; கூடுதலாகச் சுரந்து சமாளிக்கின்றன. அந்தக் காலத்தில் பரிசோதனை செய்தால் சர்க்கரை சரியாகவே இருக்கும், உள்ளே இன்சுலின் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருக்கும். பீட்டா செல்கள் தளர ஆரம்பித்த பிறகே எண் ஏறுகிறது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வில், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே பீட்டா செல்களின் திறன் பாதியளவுக்குக் குறைந்திருப்பது தெரிந்தது. அதாவது, உங்களுக்குப் போன வாரம்தான் தெரிந்தது என்றாலும் விஷயம் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. தொந்தரவே இல்லாமல் இருந்ததற்கும் இந்த மெதுவான ஏற்றம்தான் காரணம். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகத்தால் அதை முழுவதுமாக மீட்க முடியாமல் சிறுநீரில் வழிய விடுகிறது. அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், எடை இறக்கம் எல்லாம் வருகின்றன. அதற்குக் கீழே எண் நிற்கும்வரை உடம்பு ஒரு குறிப்பும் கொடுக்காது.

இன்சுலின் எதிர்ப்பு ஏன் வருகிறது? முக்கியமான ஒரு காரணம், கொழுப்பு இருக்கக் கூடாத இடத்தில் போய்ச் சேர்வது. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அந்த இடம் நிறைந்த பிறகு கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் படிவதுதான் பிரச்சினை. தோலுக்கு அடியில் எவ்வளவு கொழுப்பைத் தாங்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் நூறு கிலோ எடையுள்ள ஒருவருக்கு நீரிழிவு இல்லாமலும், பார்க்க ஒல்லியாக இருக்கும் இன்னொருவருக்கு நாற்பது வயதிலேயே வந்தும் நிற்கிறது. ஒல்லியானவர்கள் தங்களுக்கு வராது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். பெற்றோருக்கு நீரிழிவு, இடுப்பைச் சுற்றி எடை, உட்கார்ந்தே கழியும் நாள், தூக்கக் குறைவு, புகைபிடித்தல், கர்ப்பகாலத்தில் ஏறிய சர்க்கரை, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து என எல்லாமே இந்தப் பக்கம் தள்ளுபவை.

இனிப்புக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. சர்க்கரை கலந்த பானங்களை வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து கூடுகிறது. ஆனால் இனிப்பே தொடாத ஒருவர் தேவைக்கு அதிகமான மாவுச்சத்தாலும் எண்ணெயாலும் அதே கல்லீரல் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். மரபணு உங்கள் கையில் இல்லை. இனிமேல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இவ்வளவு நேரம் இரண்டாம் வகை என்றே பேசிவிட்டேன். நீரிழிவு உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான். என்றாலும் 43 வயதில் வந்தால் இரண்டாம் வகைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டக் கூடாது. முதல் வகையில் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. குழந்தைகளுக்குத்தான் வரும் என்பது பழைய எண்ணம். எந்த வயதிலும் வரும். பெரியவர்களுக்கு வரும்போது சில சமயம் மெதுவாக வருவதால் இரண்டாம் வகை என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள், சர்க்கரை இறங்காது, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். பருமன் இல்லாமல், வேகமாக இளைத்து, மாத்திரைக்குக் கட்டுப்படாமல் இருந்தால், அந்தத் தாக்குதலின் அடையாளத்தை ரத்தத்தில் தேடும் ஜிஏடி எதிர்ப்பொருள் பரிசோதனையும் சி-பெப்டைடு பரிசோதனையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் இருந்தால் முதல் வகை. சி-பெப்டைடு, உங்கள் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும்.

இவை தவிர, கணைய அழற்சியோ கணைய அறுவை சிகிச்சையோ ஏற்படுத்தும் நீரிழிவும் உண்டு. ஒற்றை மரபணுக் கோளாறால் குடும்பத்தில் தலைமுறைதோறும் இளவயதிலேயே வரும் மோடி (MODY) என்ற வகையும் உண்டு. கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் பிரசவத்தோடு மறையும், ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமானதும் மறந்துவிடாமல் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறையும் பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்த பிறகு 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படியே. தாகம், எடை இறக்கம் போன்ற அறிகுறிகளோடு ஏதோ ஒரு நேரத்தில் எடுத்தது 200-ஐத் தொட்டால் அதுவே போதும். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு முடிவை வைத்துச் சொல்லக் கூடாது, இரண்டு முடிவுகள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். உங்களுக்கு வெறும் வயிற்று அளவும் எச்பிஏ1சியும் இரண்டுமே தாண்டியிருப்பதால் சந்தேகம் இல்லை. எச்பிஏ1சி 5.7-க்கும் 6.4-க்கும் இடையில் இருப்பது முன்நீரிழிவு. உங்களைச் சேர்ந்தவர்கள் யாராவது அந்த இடத்தில் இருந்தால் அவர்களையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி நோயைக் கண்டறிவதற்கானது அல்ல, கண்காணிப்பதற்கானது. சர்வதேசத் தர விதியே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பதை அனுமதிக்கிறது. எச்பிஏ1சியோ, சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் தெரியும். உங்கள் 7.4 என்பது ஏறத்தாழ 166 என்ற சராசரிக்குச் சமம். ஆனால் இந்தப் பரிசோதனைக்கும் பலவீனம் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அதை உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும், ரத்தம் இழந்த பிறகும், ரத்தம் ஏற்றிய பிறகும் குறைத்துக் காட்டலாம். விரல் நுனி அளவுகளும் எச்பிஏ1சியும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை என்றால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிகிச்சையில் நான் மிகவும் வலியுறுத்துவது காலத்தை. யுகேபிடிஎஸ் ஆய்வு முடிந்த பிறகு, ஆரம்பத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களையும் மற்றவர்களையும் மேலும் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரு தரப்பின் எச்பிஏ1சியும் சீக்கிரமே ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாகவே இருந்தன. முதல் சில ஆண்டுகளில் கொடுக்கும் கவனத்தின் பலன் பிறகும் கூடவே வருகிறது. ‘ஆறு மாசம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும்போது நாம் இழப்பது அதைத்தான்.

உணவில் முதலில் கவனிக்க வேண்டியது மாவுச்சத்தின் மொத்த அளவு. முழுத் தானியமோ சிறுதானியமோ, நார்ச்சத்து அதிகம் என்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் ஏற்றும். தட்டில் பாதியைக் காய்கறிக்கும், கால் பங்கைப் புரதத்துக்கும், கால் பங்கை மட்டும் மாவுச்சத்துக்கும் விடுவது எளிய வழி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நீங்களே சில நாள் அளந்து பாருங்கள். எந்த உணவு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை வேறு யாரையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

நடையைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் எதிர்ப்பு உள்ள ஒருவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. அதனால் சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அந்த வேளையின் ஏற்றத்தைக் கண்ணெதிரே குறைக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடையும், இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் இருந்தால் நல்லது. அமெரிக்காவில் முன்நீரிழிவு உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், இந்த அளவு உடற்பயிற்சியும் 7 சதவீத எடைக் குறைப்பும் நீரிழிவாக மாறும் ஆபத்தை 58 சதவீதம் குறைத்தன. மெட்பார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மாத்திரையை விட முடியுமா? சிலரால் முடியும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், சில மாதங்கள் மருத்துவர் மேற்பார்வையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் எச்பிஏ1சியை 6.5-க்குக் கீழே வைத்திருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு வெளியேறியதுதான் காரணம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே 46 என்பது 36 ஆனது, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. ஆகவே இது தணிவு, குணம் அல்ல; ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். உங்களுக்குக் கூடுதல் எடை இருந்தால் நோய் தெரிந்த இந்த முதல் வருடம்தான் முயற்சிக்க ஏற்ற காலம். எடை கூடுதலாக இல்லாதவர்கள் பட்டினி கிடந்து இதை முயல வேண்டாம், தசைதான் கரையும். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் உணவை இப்படிக் குறைத்தால் லோ சுகர், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் நிலை, ஆகிவிடலாம்.

மருந்து தேவைப்படுவது தோல்வி அல்ல. மெட்பார்மின் 1957-இல் இருந்து பயன்பாட்டில் உள்ள மருந்து. கல்லீரல் தேவையில்லாமல் குளுக்கோஸ் விடுவதைக் குறைக்கிறது, தனியாக எடுத்தால் லோ சுகர் ஆக்குவது அரிது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது கெடுப்பதில்லை, சிறுநீரகம் ஏற்கெனவே நன்றாகப் பழுதடைந்தவர்களுக்கு அந்த மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் கொடுப்பதில்லை. இரண்டும் வேறு வேறு. ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு எடுங்கள், மெதுவாகக் கரையும் வகையைக் கேளுங்கள். பல ஆண்டு எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும்.

சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள், கிளிமிபிரைடு போன்றவை, கணையத்தைத் தூண்டிச் சுரக்க வைப்பவை. நன்றாக வேலை செய்யும், ஆனால் சாப்பாட்டைத் தவறவிட்டால் லோ சுகர் வரும். எம்பாகுளிஃப்ளோசின், டபாகுளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதோடு இதயச் செயலிழப்பையும் சிறுநீரகப் பாதிப்பையும் குறைக்கின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிட முடியாத நாட்களில் இவற்றை நிறுத்திவைப்பது பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செமாகுளூட்டைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் பசியைக் குறைத்து எடையையும் நன்றாக இறக்குகின்றன. இதயம், சிறுநீரகம், எடை இந்த மூன்றில் உங்களுக்கு எது பிரச்சினை என்பதைப் பொறுத்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இன்றைய முறை.

இன்சுலின் கடைசிக் கட்டமா என்று கேட்டிருந்தீர்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல்முறையாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளுக்குக் கடும் பட்டினிதான் வைத்தியம், அதுவும் சில மாதங்களையோ ஓரிரு ஆண்டுகளையோ நீட்டிக் கொடுத்தது, அவ்வளவே. அந்தச் சிறுவன் அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். முதல் வகை உள்ளவர்களுக்கு இன்சுலின் இல்லாமல் வாழ்வில்லை. யாராவது ‘இயற்கை முறையில் நிறுத்திவிடலாம்’ என்று சொன்னால் அது உயிருக்கு ஆபத்து. இரண்டாம் வகையில், பீட்டா செல்கள் மேலும் தளரும்போது இன்சுலின் தேவைப்படலாம். அறுவை சிகிச்சை, கடுமையான தொற்று, கர்ப்பம் போன்ற நேரங்களில் தற்காலிகமாகவும் தேவைப்படலாம். இன்சுலின் தொடங்கிய பிறகுதான் சிறுநீரகம் போனது, கால் போனது என்று சொல்லப்படும் கதைகளில், பெரும்பாலும் இன்சுலினைப் பல ஆண்டு தள்ளிப்போட்டதால் பாதிப்பு ஏற்கெனவே வந்திருக்கும். பழி மட்டும் இன்சுலின் மேல் விழும். இந்தப் பயத்தால் மனிதர்கள் கண்ணையும் காலையும் இழப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இன்சுலினுக்கும் சல்ஃபோனைல்யூரியாவுக்கும் உள்ள உண்மையான ஆபத்து லோ சுகர். 70-க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வரும். உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எண்ணை மிகவும் கீழே கொண்டுபோவதும் நல்லதல்ல என்பதை 2008-இல் அக்கார்ட் ஆய்வு காட்டியது. இதய ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது மரணங்கள் கூடியதால், அந்தச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே என்பது நல்ல இலக்கு. வயதானவர்களுக்கும் லோ சுகர் அடிக்கடி வருபவர்களுக்கும் 8 வரை விடலாம். உங்களுக்கு 43 வயது, வேறு நோய் இல்லை, ஆகவே 6.5-ஐக் குறிவைப்பது நியாயம்.

சர்க்கரை மட்டும் இறங்கினால் போதாது. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பொதுவாகவே பரிந்துரைக்கப்படுகிறது, ஏனென்றால் நீரிழிவு உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதய நோய். புகைபிடிப்பீர்கள் என்றால் அதை விடுவது எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல. இரண்டாம் வகையில் நோய் தெரிந்த அன்றே கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றப் போய் எழுத்துப் பலகை பார்ப்பது அதற்கு ஈடாகாது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30-க்கு மேல் போனால் அதுவே சிறுநீரகத்தின் முதல் எச்சரிக்கை. ரத்தக் கிரியாட்டினின் அப்போதும் சரியாகவே இருக்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது. தினமும் இரவில் விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பார்த்துவிட்டுப் படுங்கள். இரண்டு வாரமாக ஆறாத புண், சிவந்து வீங்கிய கால், சர்க்கரை அதிகமாக இருக்கும்போது வாந்தியும் வயிற்று வலியும் சேர்ந்து வருவது, மூச்சு ஆழமாக இரைப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம்.